ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

நான் உப்பு லாரிகளுக்கு எடை போடுகிறவன். மரக்காணம் உப்பளத்திலிருந்து லாரிகள் தார் ரோட்டில் ஏறும் இடத்தில், லாரியோடு சேர்த்து எடை பார்க்கிற ஒரு வேபிரிட்ஜ் இருக்கிறது. அதன் ஓரத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், நான். வெறும் லாரி எடைக்கு ஏறும்போது டிரைவர், கிளீனர், கிளீனருடைய மச்சான் எல்லாரும் உள்ளே குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அதே லாரி உப்போடு திரும்பி வரும்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றிவிடும். வெறும் லாரியின் எடையைக் கழித்துத்தான் கணக்கு. அதில் உப்பு குறைவாக விழ வேண்டும், அவ்வளவுதான். மெஷினில் பொய் இருக்காது. மெஷின் மேல் என்ன ஏறுகிறது என்பதில்தான் எல்லாப் பொய்யும் இருக்கும். இதையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒருத்தரையும் நம்பாத புத்தி வந்துவிட்டது.

என் மனைவி இதைக் கிண்டல் செய்வாள். "மாதா கோயில்ல நன்மை வாங்கும்போதுகூட அப்பத்தைத் திருப்பிப் பாக்குற ஆளு இவரு" என்று பங்குச் சாமியாரிடமே ஒருமுறை சொல்லிவிட்டாள். சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான். மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான், மகள் திண்டிவனத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். முன்பெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவாள், பாடுவாள். இப்போது ஒரு கை தைப்பதற்குள் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துப்போனது. பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தார். அதற்கு முன்னால் ரத்தம் சரியாக உறைகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

"சும்மா, வழக்கமா பாக்குறதுதான்" என்றார்.

எனக்குச் 'சும்மா' என்ற வார்த்தையே ஆகாது. சும்மா என்று சொல்லிக்கொண்டு வந்த எதுவும் என் அனுபவத்தில் சும்மா போனதில்லை.

மரக்காணத்தில் மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்தில் ரத்தம் எடுத்து அனுப்புகிற கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர், பாண்டி போகிற வழியில் இருக்கிற அனுமந்தைக்காரர், என் வயசுதான் இருக்கும். முன்பு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு போனதும் இந்தப் படிப்பைப் படித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். காலையில் ரத்தம் எடுப்பார், மதியம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து பைக்கில் கட்டிக்கொண்டு பாண்டியில் இருக்கிற ஒரு லேபில் கொடுத்துவிட்டு வருவார். மனைவியிடமும் அவர்தான் ரத்தம் எடுத்தார்.

ரிப்போர்ட் வந்தது. ரத்தம் உறைய ஆகிற நேரம் அதிகம் என்று போட்டிருந்தது. அதே ரத்தத்தில் மேற்கொண்டு பார்த்ததில், உறைவதற்கு உதவுகிற ஒரு பொருள் பாதிக்கும் கீழே இருக்கிறதாம். அந்தப் பொருளுக்கு வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயர். பெரிய டாக்டர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது பொறவியிலேயே வர்ற குறை. அம்மா அப்பா வழியா வரும். இது உண்மைன்னா நான் இப்படியே கத்தி வைக்க முடியாது. ரத்தம் நிக்காம போயிடும். எங்க ஆஸ்பத்திரியிலயே இன்னொரு வாட்டி எடுத்துப் பாக்கலாம், அடுத்த வாரம் வாங்க."

ஆபரேஷன் செய்யாவிட்டால் அவள் மாதாமாதம் வற்றிக்கொண்டே போவாள். செய்தால் மேஜை மேலேயே போய்விடுவாள். இந்த இரண்டில் எது என்று அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும். நான் காகிதத்தை நம்புகிற ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க வேபிரிட்ஜில் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் கமிஷன் என்று நினைத்தேன். ஒரு டெஸ்டுக்கு மேல் இன்னொரு டெஸ்ட், அதற்கு மேல் ஒன்று என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அப்புறம் டியூப் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அனுமந்தைக்காரர் ஒரே கையால் எல்லார் ரத்தத்தையும் எடுக்கிறார், எவளுடைய ரத்தமோ என் மனைவி பெயரில் போயிருக்கும். மூன்றாவதாக ஒரு நினைப்பு வந்தது. அது வந்திருக்கவே கூடாது. பிறவியிலேயே வருகிற குறை என்றால், கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லவில்லையோ?

பாண்டிக்குப் போகிற பஸ்ஸில், கூனிமேடு தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்ல யாருக்காச்சும் ரத்தம் நிக்காத வியாதி இருந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

"உங்க அத்தை ஒருத்தங்க பிரசவத்துல செத்துட்டாங்கன்னு சொல்லுவியே?"

"அது மஞ்சக்காமாலைங்க."

"மஞ்சக்காமாலைன்னு யாரு சொன்னது?"

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இன்னா கேக்குறீங்க நீங்க? மறைச்சு உங்க தலையில கட்டிட்டாங்கன்னா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கேட்டேன், அவ்ளோதான்" என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதிர் சீட்டில் ஒரு பாய் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார், நாகரிகமாக வெளியே பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன உடனேயே ரத்தம் எடுத்தார்கள். "ஏம்மா நாடி இப்படிப் படபடன்னு அடிக்குது, பயமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

அந்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பொருள் சாதாரண ஆளுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

வேறொருவன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது. ஆபரேஷன் நடந்தால்தானே ஆஸ்பத்திரிக்கு வருமானம்? ஆபரேஷன் செய்கிறவன் வீட்டு லேபே ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னால், லாரிக்காரனே எடை போட்டுக்கொண்ட மாதிரிதானே? பெரிய டாக்டரிடம் இதை நாசூக்காகத்தான் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் ரெண்டு ரிப்போர்ட்ல எது சரின்னு தெரியலைங்க. மூணாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார்.

அதற்குள் அடுத்த மாதவிலக்கு வந்துவிட்டது. இந்த முறை அவளால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. மகள் லீவு போட்டுவிட்டு வந்து துணி மாற்றிவிட்டாள். பஸ்ஸில் பாண்டி போவது நடக்கிற காரியம் இல்லை என்பதால், அனுமந்தைக்காரரையே வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அவர் வந்து நீல மூடி போட்ட டியூபில் ரத்தம் எடுக்கும்போது நான் பக்கத்திலேயே கண்கொத்திப் பாம்பாக நின்றேன். மேலே பெயர் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். அது போதவில்லை எனக்கு. தையல் மெஷினிலிருந்து சிவப்பு நூலை அறுத்து அந்த டியூபின் கழுத்தில் என் கையாலேயே முடிச்சுப் போட்டேன்.

"இன்னாண்ணே இது?"

"ஒண்ணுமில்ல. அடையாளத்துக்கு."

கட்டிலில் படுத்திருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் பைக் கிளம்பியதும் நானும் என் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நல்ல வெயில். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. கொஞ்ச தூரம் விட்டே போனேன். அனுமந்தை வந்ததும் அவர் நேராகப் போகாமல் கடற்கரைப் பக்கம் திரும்பினார். எனக்கு மூக்கில் வேர்த்தது. மீன் இறங்குகிற இடத்தில் பைக்கை நிறுத்தி, பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தார். மீனையும் ரத்தத்தையும் ஒரே பெட்டியில் வைத்து வியாபாரம் பண்ணுகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏம்பா! பொட்டியில இன்னாத்த வைக்கிற?"

அவர் திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பின்னால் வருவது வேபிரிட்ஜ் தாண்டும்போதே தெரியுமாம்.

"வாங்கண்ணே, நீங்களே பாருங்க. ஐஸ் மாத்திக்கிறேன்."

எட்டிப் பார்த்தேன். மீன் இல்லை, மீன் வாசனைகூட இல்லை. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் பொடித்த ஐஸ். அதன் நடுவே பிளாஸ்டிக் கவரில் டியூப்கள் வரிசையாக நின்றன. சிவப்பு நூல் கட்டியது ஓரத்தில் இருந்தது.

"இந்த வெயில்ல ஐஸ் இல்லாம எது நிக்கும் சொல்லுங்க? சில பேரு சட்டப் பையில சொருவிக்கினு போறாங்க. நான் அந்த மாதிரி இல்ல. வழியில ரெண்டு வாட்டி ஐஸ் மாத்துவேன். நான் கொண்டு போற ரத்தம், காலையில புடிச்ச மீனு மாதிரி போய் சேரும்."

எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. எங்கள் கரையில் பிறந்த யாருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐஸில் இருந்தால் கெடாது, ஐஸ் இல்லாவிட்டால் நாறும். ஊரில் இத்தனை பேரில் ஒருத்தராவது வேலையை வேலையாகச் செய்கிறாரே என்று தோன்றியது. "இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுப்பா" என்று சொல்லி, நானே இரண்டு கையாலும் ஐஸை அள்ளி, சிவப்பு நூல் டியூப் மூடி வரைக்கும் புதையும்படி போட்டேன். பாண்டி வரைக்கும் கூடவே போனேன். லேப் கவுண்டரில் நூல் அவிழாமல் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். கமிஷன் இல்லை, மாற்றல் இல்லை, மீன் இல்லை. இந்த முறை வருகிறதுதான் உண்மை என்று முழு நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்த ரிப்போர்ட்டில் அந்தப் பொருள் முதல் தடவையைவிடவும் குறைவாக இருந்தது.

பெரிய டாக்டர் தேதியை அடித்துவிட்டார். "ரெண்டு ரிப்போர்ட் ஒரு மாதிரி சொல்லுது, ஒண்ணு வேற மாதிரி சொல்லுது. நான் துணிய மாட்டேன். ரத்தத்துக்குன்னே தனி டாக்டரம்மா இருக்காங்க, அவங்களப் பாருங்க. உங்க பொண்ணுக்கும் எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும்" என்றார். மகளுக்கும் என்றதும் நான் ரிப்போர்ட்டுகளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது, பஸ்ஸில் நடந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவள் பேசினாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க. போறதா இருந்தா அதுல போறேன். இப்படி உப்புப் பாத்தி மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வத்திப் போவ என்னால முடியல."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

ரத்த டாக்டரம்மா ஒல்லியாக, அவசரமே இல்லாமல் இருந்தார். மூன்று ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பினார். நம்பரைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு லேபுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் விரல் வைத்துப் படித்தார்.

"மரக்காணத்துல இருந்து எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூல் கட்டியது, பின்னாலேயே போனது, அனுமந்தையில் நானே ஐஸ் அள்ளிப் போட்டது. "கொஞ்சம்கூட சூடு படலைங்க. ஐஸுக்குள்ள புதைச்சே எடுத்துட்டு வந்தோம்" என்றேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அதாங்க தப்பாப் போச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். ரத்தத்தை மெஷினில் சுற்றினால் மேலே தெளிவு நிற்கும், அணுக்கள் கீழே போய்விடும். அந்தப் பொருளைத் தெளிவில்தான் அளப்பார்கள். சுற்றித் தெளிவைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ரத்தத்தை ஐஸில் வைத்தால், அந்தப் பொருள் தெளிவை விட்டுப் போய்விடும். அப்புறம் அளந்தால் குறைவாகத்தான் காட்டும். ஐஸ் எவ்வளவு அதிகமோ, நேரம் எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குக் குறையும். உடம்பில் குறை இல்லாதவருக்கும் பிறவிக்குறை என்று ரிப்போர்ட் வரும்.

"ஐஸ்ல வச்சா கெடாதுதானேம்மா? உலகத்துல எல்லாம் அப்படித்தானே?"

"மீனுக்குச் சரிங்க. வேற சில டெஸ்டுக்கும் ஐஸ் வேணும், அதனாலதான் அவரு எல்லாத்தையும் சேர்த்து வச்சிருப்பாரு. இந்த டெஸ்டுக்கு மட்டும் ஆகாது."

நான் உடனே நம்பிவிடவில்லை. இந்த அம்மாவும் பாண்டி, அந்த ஆஸ்பத்திரியும் பாண்டி. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்.

"அப்போ அவங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்தான் சரின்னு சொல்றீங்க?"

"அதையும் நான் முழுசா நம்பலைங்க."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு டாக்டரம்மாவைப் பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ச்சல், பயம், அழுகை, ஓட்டம் எது இருந்தாலும் அந்தப் பொருள் கொஞ்ச நேரத்துக்கு உடம்பில் ஏறிவிடுமாம். நிஜமாகவே லேசான குறை இருக்கிறவருக்கும் அந்த நேரத்தில் எடுத்தால் சரியாக இருப்பதுபோலக் காட்டுமாம். ஐஸ் இறக்கிக் காட்டும், பயம் ஏற்றிக் காட்டும். டாக்டரம்மா என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ரத்தம் எடுக்கும்போது எப்படிம்மா இருந்தீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பஸ்ல கொஞ்சம் அழுதுட்டேன், டாக்டரம்மா."

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். எதற்கு அழுதாள் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போது அந்த அறையை விட்டே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"சரி, இந்த மூணு காகிதமும் ஓரமா இருக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா. பல்லு எப்பவாச்சும் புடுங்கியிருக்கீங்களா?"

"ரெண்டு புடுங்கியிருக்கேன். பஞ்சு கடிச்சிக்கினு வந்தேன். சாயங்காலம் கஞ்சி குடிச்சேன்."

அவள் பல் பிடுங்கியது எனக்கு நினைவே இல்லை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்கில் ரத்தம் வருமா? வராது. காரணம் இல்லாமல் உடம்பில் நீலம் பூக்குமா? இல்லை. இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றினார்களா? இல்லை, பெரியவன் பிறந்த மூன்றாம் நாள் எழுந்து துணி துவைத்தாள். வயசுக்கு வந்த காலத்திலிருந்தே இப்படிப் போகுமா? இல்லவே இல்லை, இந்தக் கொஞ்ச காலமாகத்தான். வெட்டுக்காயம் பட்டதுண்டா?

"சின்ன வயசுல எங்கம்மாவோட உப்பு வாரப் போவேங்க. காஞ்ச உப்பு காலைக் கிழிச்சுடும். உசிரு போற மாதிரி எரியும், ஆனா ரத்தம் சட்டுன்னு நின்னுடும். துணியச் சுத்திக்கினு திரும்பவும் பாத்தியில எறங்கிடுவேன்."

"வீட்ல யாராச்சும் ரத்தம் போயி செத்தவங்க?"

"எங்க அத்தை பிரசவத்துல செத்தாங்க. மஞ்சக்காமாலை, டாக்டரம்மா."

"சரிம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

எழுதி முடித்துவிட்டுச் சொன்னார். பிறவிக்குறை இருந்தால் இத்தனை வருஷத்தில் ஏதாவது ஓர் இடத்தில் உடம்பு காட்டிக் கொடுத்திருக்கும். பல் பிடுங்கியதும் பிரசவமும் ஐஸ் பெட்டியில் வந்தவை இல்லை. மூன்று நம்பரைவிட இவள் சொன்னது தனக்குப் பெரிய சாட்சி. இருந்தாலும் இன்னொரு தடவை இங்கேயே எடுத்து, எடுத்த கையோடு சுற்றிப் பார்த்துவிடலாம் என்றார். "அம்மா அரைமணி நேரம் அமைதியா உக்காரட்டும். நீங்க வெளிய போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். என்னைத்தான் சொன்னார்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு மின்விசிறிக்குக் கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் ஜெபமாலை. நான் பக்கத்தில் இல்லாத அரைமணி நேரத்தில் அவள் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது என்று பார்க்கப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது. செக்யூரிட்டி வந்து, "இங்க நிக்கக் கூடாதுங்க" என்று என்னை நகர்த்திவிட்டான்.

புது ரிப்போர்ட்டில் அந்தப் பொருள், அழுத நாளைவிடக் குறைவாகவும் ஐஸ் நாட்களைவிட எவ்வளவோ அதிகமாகவும் இருந்தது. சாதாரண அளவுதான், பயமில்லை, ஒரு முன்ஜாக்கிரதைக்கு ரத்தம் ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். மகளுக்கு டெஸ்ட் வேண்டாம் என்றும் சொன்னார்.

திரும்பும்போது அனுமந்தைக்காரர் கடையில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோண்ணே, நல்லாயிருக்கட்டும்னுதானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உடனே லேபுக்குப் போன் போட்டு, இதை ஏன் தனக்கு யாரும் சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். அவரோடு சேர்ந்து நானும்தான் அந்தப் பெட்டியில் ஐஸ் போட்டேன் என்பதால் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இதே டெஸ்டுக்கு இந்தப் பெட்டியில் வேறு யார் யாருடைய ரத்தம் போனதோ, அவர்களில் யார் வீட்டில் என்ன சண்டை நடந்ததோ என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருந்தது. ஒன்று என் மகன் முந்தின வாரமே சென்னையிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனது. இன்னொன்று, வெறும் லாரியில் ஆளை ஒளித்து வைத்து என்னிடம் அகப்பட்டுக்கொண்ட ஒரு டிரைவர் கொடுத்தது. அவனாகவே வந்து கொடுத்தான். ஏன் கொடுக்கிறான் என்று அன்றைக்கும் என் மனசு ஓர் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

நர்ஸ் சம்மதக் காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்படலாம், உயிருக்கு ஆபத்து நேரலாம், அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று இருந்தது. அத்தனை டெஸ்ட் எடுத்துச் சரி என்று சொன்ன பிறகு இந்த வரி எதற்கு? எனக்கு மறுபடி எல்லாம் கலங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிடுங்கள், இந்த வரியை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். நர்ஸ் பொறுமையாக, எல்லாருக்கும் இதே காகிதம்தான் என்றாள். எல்லாருக்கும் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது என்றேன்.

"குடுங்க இப்படி" என்றாள் மனைவி.

பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். படிக்கவில்லை. தொடையில் வைத்து, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"என் ஒடம்புங்க இது. நான் போடுறேன்."

அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே மகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த ஒவ்வொருவரையும் நான் எழுந்து எழுந்து கேட்டேன். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார், வைத்திருந்த ரத்தத்தைத் தொடவே இல்லை என்றாள். மகள் அழுதுகொண்டே என் தோளைப் பிடித்தாள். அப்படியென்றால் ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கேட்டேன். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளைத் தள்ளிக்கொண்டு வந்து வார்டில் விட்டார்கள். கண் மூடியிருந்தது. நர்ஸ் பாட்டிலை மாட்ட அந்தப் பக்கம் திரும்பியதும், நான் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை மெதுவாகத் தூக்கினேன். வெள்ளை விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. போர்வையை விட்டேன். மறுபடியும் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். கண் திறக்கவில்லை. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ம்."

"இப்ப நம்புறீங்களா?"

மகள் பார்க்கிறாள், நர்ஸ் பார்க்கிறாள், நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் தலைமாட்டுக்கு வந்து குனிந்து, "நம்புறேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். நான் சொன்னது உண்மைதானா என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.